தேன் கடைக்கு வந்த தேனிலவு

மார்த்தாண்டம்,
12 டிசம்பர் 2014

சார்ஜாவில் இருக்கும் அன்பு மருமகன் ஷிஜினுக்கு, உன் தாய்மாமன் ரசலையன் ஆண்டவர் கிருபையால் உடல் சுகத்தோடும், நீ போட்டுத் தந்த இணையக் கடையின் புண்ணியத்தால் வேறு எந்தச் சுகமும் இல்லாமலும் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மாமி நேசபாயும் இருக்கிறோம். உன் அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. நீயும் ஷிபாவும் நன்றாக இருக்க வேண்டும் என்று குடும்ப ஜெபத்தில் தவறாமல் உங்கள் பெயரைச் சொல்லி வருகிறோம். போன வாரம் முதல் உன் பெயர் வரும் இடத்தில் நான் சும்மா இருந்துவிடுகிறேன், மாமிதான் சொல்கிறாள். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உன் மேனேஜர் வந்துவிடுகிறார், நீயும் "பாக்கலாம் மாமா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நீ பாதியில் கீழே வைத்தாலும் நான் சொல்லி முடித்திருப்பேன்.

ஓணத்துக்கு நீ லீவில் வந்தபோது, இனிமேல் கடைக்கு ஆள் வரவேண்டாம், கடை ஆளைத் தேடிப் போகும் என்று சொல்லிக் கம்ப்யூட்டரில் நம் தேன் கடையை ஏற்றிவிட்டுப் போனாய் அல்லவா, அது எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. உன் கூட்டுக்காரன் ஒருவன் வாங்கினான், உன் அம்மா வாங்கினாள், பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு தபாலில் வாங்கினாள். மார்த்தாண்டம் தேன் என்று தேடிப் பார்த்தால் ஊரில் இருக்கிற கடைகள் எல்லாம் வந்தபிறகு, தேனே விற்காத கடைகளும் வந்தபிறகு, எங்கோ ஒரு மூலைப் பக்கத்தில் நம் கடை கிடந்தது. அந்தப் பக்கத்துக்கு என்னைத் தவிர வேறு மனிதர் யாரும் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்படியும் வழி தெரிந்து வந்த ஒன்றிரண்டு பேர் கடைசியில் வாங்கப்போகும் இடத்தில் திரும்பிப் போனார்கள். பிறந்த தேதி கேட்டது, கம்பெனிப் பெயர் கேட்டது, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் கலந்து ரகசியச் சொல் கேட்டது. பாளையங்கோட்டையிலிருந்து எலிசா டீச்சர் என்று ஒரு ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் போன் செய்து, "தம்பி, எனக்கு வேண்டியது இருமலுக்கு ஒரு பாட்டில் தேன். அதுக்கு என் பேக்ஸ் நம்பர் உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் நீ, நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் உன் கூடப் படித்த அனில்குமாரைப் போய்ப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். நல்ல பையன், எனக்குச் சாயா வாங்கித் தந்தான். நாம் விற்கிற பொருளின் பெயரை எழுதிப் பிரயோஜனம் இல்லை அங்கிள், ஜனங்கள் எதைத் தேடுகிறார்களோ அதை எழுத வேண்டும் என்றான். ஹனி என்று தொடங்கி ஜனங்கள் என்ன தேடுகிறார்கள் என்று கம்ப்யூட்டரிடமே கேட்டான். நம் ஜில்லாவைப் பொறுத்தவரை முக்கால்வாசிப் பேர் தேடுவது ஹனிமூனாம். ஒரு வார்த்தைதானே கூடுதல் அங்கிள் என்று சொல்லி எல்லாப் பக்கத்திலும் அதைச் சேர்த்தான், நம் கண்ணுக்குத் தெரியாமல், தேடுகிற கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும்படி வெள்ளையில் வெள்ளை எழுத்தாகவும் எழுதினான். இரண்டு பாட்டில் சேர்த்துக் கட்டிய பொதிக்கு ஹனிமூன் காம்போ என்று பெயர் வைத்தான். எலிசா டீச்சர் விஷயத்தைச் சொன்னதும், கேள்விகளை எல்லாம் தூக்கிவிட்டான். தேதி, எண்ணிக்கை, அளவு, பெயர், விலாசம், போன் நம்பர், அவ்வளவுதான். பணம் பொருள் கைக்கு வந்த பிறகு தந்தால் போதும். கீழே பச்சை நிறத்தில் செக்அவுட் என்று ஒரு பொத்தான். இனி சின்னப் பிள்ளைகூட வாங்கலாம் என்றான்.

அதன்பிறகு போன் ஓயவில்லை. நானும் வியாபாரம் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஒருவர் ஏசி உண்டா என்று கேட்டார். தேனுக்கு ஏசி ஆகாது, உறைந்துபோகும், வெளியிலேயே இருக்கட்டும் என்று விளக்கமாகச் சொன்னேன், வைத்துவிட்டார். இன்னொருவர் கடல் பார்க்க முடியுமா என்றார். இது ரப்பர்த் தோட்டத்துத் தேன், கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். வெளியூர்க்காரர்களின் பேச்சே இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்ல மழை. ஒரு பையனும் பெண்ணும் பெட்டியோடு கடை வாசலில் வந்து நின்றார்கள். புது உடுப்பு, பெண் கையில் மருதாணி. திருப்பூரிலிருந்து ரயிலேறி நாகர்கோவிலில் இறங்கி, விலாசம் கேட்டுக் கேட்டுப் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். அந்தப் பையன், "ஏனுங்க, ரிசார்ட் எந்தப் பக்கமுங்க?" என்றான். எனக்குத் தெரிந்து இந்த ரோட்டில் இருப்பது ஒரு சைக்கிள் கடையும் பல் ஆஸ்பத்திரியும்தான் என்றேன். அவன் போனை எடுத்து நம் கடையைக் காட்டினான்.

"இதுதானுங்க. செக்அவுட்கூடப் பண்ணிட்டமுங்க."

லாட்ஜில் புழங்குகிற வார்த்தையைக் கொண்டுவந்து தேன் கடையில் மாட்டினால் அவன் வேறு என்ன நினைப்பான்? தேதி என்ற இடத்தில் வந்து சேரும் நாளைப் போட்டிருக்கிறான். எண்ணிக்கை இரண்டு. அளவு பெரியது, அதாவது அறை பெரியதாக வேண்டுமாம். வந்த பிறகு பணம் என்று போட்டிருந்ததைப் பார்த்து, இவ்வளவு நம்பிக்கையான ரிசார்ட் வேறு எங்கே கிடைக்கும் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். பிறகு தோட்டத்துப் படத்தைக் காட்டி, இந்த காட்டேஜில் ஒன்று போதும் என்றான். ஷிஜின், அது நீ எடுத்த படம். மரங்களுக்கு நடுவே வரிசையாகக் கால்களில் நிற்பவை, சரிந்த கூரை போட்டவை, காட்டேஜ் இல்லை, நம் தேனீப் பெட்டிகள். பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி எடுத்திருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை.

நான் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிற்கும்போது அவனுக்கே ஒரு போன் வந்தது. திருப்பூரிலிருந்து கூரியர்க்காரன், அவன் ஆர்டரைப் பார்த்து நான் அனுப்பின இரண்டு பெரிய பாட்டிலோடு. தேன் வந்திருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறதே, யாரும் இல்லையா என்று கேட்கிறான். பையன் போனைக் காதில் வைத்தபடியே கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். அலமாரி முழுக்கப் பாட்டில். அப்புறம் மெதுவாகப் படியில் உட்கார்ந்தான்.

அவன் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபம். அந்தப் பெண், அவள் பெயர் அஞ்சு, அவள்தான் பேசினாள். ரெண்டு பேருமே பனியன் கம்பெனியில் வேலை, கல்யாணத்துக்கே லீவு பாடுபட்டு வாங்கினது. அவள் இதுவரை கடல் பார்த்ததில்லை. "பரவால்லைங்க. கடல் எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க, பாத்துட்டு இன்னைக்கே பஸ்ஸேறிக்கறோம்" என்றாள். சொல்லி முடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. நான் கன்னியாகுமரி லாட்ஜ்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். சபரிமலை சீசன், வராந்தாவில்கூட சாமிமார் படுத்திருக்கிறார்கள் என்றார்கள்.

அதற்குள் மாமி கடைக்குப் பின்னால் வீட்டு அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள். நேராக அந்தப் பெண்ணிடம் போனாள்.

"பிள்ளே, நீ கரையாத. மேல ஒரு முறி சும்மா கெடக்கு. கட்டிலும் உண்டு. மொதல்ல சோறு தின்னுங்க."

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, யாரென்று தெரியாத ஆட்கள், கல்யாணம் கழித்தவர்கள்தானா என்பதுகூட நமக்குத் தெரியாதே என்று மெல்லச் சொன்னேன்.

"கழிஞ்சதுதான். புதுசாட்டு கழிஞ்சதாக்கும். கொடைய முழுசும் அவளுக்குப் பிடிச்சிட்டு அவன் நனைஞ்சிட்டு வந்தான், பாக்கலியா? நாள் கொறச்சு ஆனா அப்பிடிப் பிடிக்க மாட்டான்."

நான் அவர்களுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

மறுநாள் வழி தெரியாத பிள்ளைகளைத் தனியாக அனுப்பக் கூடாது என்று மாமியும் கிளம்பினாள், கோயிலுக்கு உடுத்தும் சேலையை உடுத்திக்கொண்டு. அவள் போனால் நானும் போக வேண்டும், கடையைப் பூட்டினேன். பஸ்ஸில் மாமி அந்தப் பெண்ணிடம் தான் கன்னியாகுமரிக்குப் போனது மூன்று தடவையும் ஜெபக் கூட்டத்துக்குத்தான் என்றும், பந்தலுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்பிவிட்டதாகவும் சொன்னாள். அஞ்சு கடலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள். அலை வந்தால் பின்னால் ஓடினாள், போனால் முன்னால் ஓடினாள். பிறகு மாமி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். நாலு பேருடைய செருப்பையும் பிடித்துக்கொண்டு நான் கரையில் நின்றேன். கோயில் சேலை முட்டுவரை நனைந்து உன் மாமி சிரித்த சிரிப்பு நான் நின்ற இடம்வரை கேட்டது. வீட்டில் அவள் அந்தச் சத்தத்தில் சிரித்து நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை அவர்கள் போய்விட்டார்கள். மாமி காசு வாங்கவில்லை. போகிற வழியில் அந்தப் பையன் நன்றிக்கடனாக நம் கடைப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரம் குத்தி எழுதியிருக்கிறான். அனில்குமார் வாசித்துக் காட்டினான்: அறை சுத்தம். ஆன்ட்டி வைத்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் அருமை. அங்கிள் தேனீ பற்றி நிறையப் பேசுவார். தேன் இன்னும் சாப்பிடவில்லை.

அன்றோடு நம் கதை முடிந்தது. கன்னியாகுமரி ஹனிமூன் என்று தேடினால் பெரிய ஹோட்டல்களுக்கெல்லாம் மேலே நம் கடை நிற்கிறது. மார்த்தாண்டம் தேன் என்று தேடினால் பழைய மூலையில்தான் கிடக்கிறது. எந்நேரமும் போன். ஒரு ஆள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் முன்பே தேதி கேட்கிறான். தேன் கேட்க எலிசா டீச்சர் மட்டும்தான் உண்டு, அவர்கூட போன தடவை, மீன் குழம்பு வயதானவர்களுக்கும் உண்டா என்று விசாரித்தார். இதையெல்லாம் நிறுத்திவிடுவோம் என்று நான் சொன்னதிலிருந்து உன் மாமி என்னோடு பேசுவதில்லை. மூன்று வேளையும் சோறு வருகிறது, பேச்சு வரவில்லை. எனக்கு அலுத்துவிட்டது ஷிஜின். எனக்கு வயது ஆகிறது, பெட்டிகளைப் பார்க்க வேண்டும், சீசன் வரப்போகிறது. அதனால் இந்தக் கடிதம் கண்டவுடன், பாக்கலாம் மாமா என்று சொல்லாமல், அந்தக் கடையை அடியோடு மூடிவிடு. ஒரு எழுத்துகூட மிச்சம் வைக்காதே, வெள்ளையில் எழுதினதையும் தேடிப் பிடித்து அழி. எப்போதும்போல ரோட்டில் போகிறவர்கள் பார்த்து ஏறி வந்து வாங்கட்டும்.

ஷிபாவுக்கு எங்கள் ஸ்தோத்திரம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், ஏசிக் குளிரில் தலையைத் துவட்டாமல் இருக்காதீர்கள். உன்மேல் வருத்தம் உண்டே தவிரக் கோபம் இல்லை. கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் மாமா,
ரசலையன்

பின்குறிப்பு: மூன்று நாளுக்கு முன் கவரை ஒட்டப் போகும்போது மாமி வாங்கி வாசித்துவிட்டாள். பேச்சும் வந்துவிட்டது. கடையை மூட வேண்டாம். கிறிஸ்மஸ் கழிந்ததும் எங்களைத் திருப்பூருக்கு வரச்சொல்லி அஞ்சு கூப்பிட்டிருக்கிறாளாம், அங்கிருந்து ஊட்டி காட்டித் தருகிறார்களாம். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. மாமி எனக்கு ஒரு ஸ்வெட்டரும் வாங்கி வைத்திருக்கிறாள், போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. நாங்கள் திரும்பி வரும்வரை கடை நம்பரை எடுத்துவிட்டு உன் சார்ஜா நம்பரைப் போட அனில்குமாரிடம் சொல்லியிருக்கிறேன், நேற்றே போட்டுவிட்டான். கூப்பிடுகிறவர்களிடம் மரியாதையாகப் பேசு. ஏசி இல்லை, கடல் தெரியாது, மீன் குழம்பு உண்டு, அவ்வளவு சொன்னால் போதும்.