தொரட்டியில் கட்டிய கொடி

"என்னலே இது? பந்து பாக்க வந்தியா, ஆளை வெட்ட வந்தியா?"

கோவில்பட்டியில் கால்பந்து மைதான வாசலில் ஏட்டு பேச்சிராஜா இப்படிக் கேட்டதும் செண்பகராஜ் கையிலிருந்த கம்பை அண்ணாந்து பார்த்தான். குளத்தூர் அணிக்குக் கொடி பிடிக்க நீளமான கம்பு வேண்டுமென்று, ஆட்டுக்குத் தழை அறுக்கிற தொரட்டியையே தூக்கி வந்திருந்தான். நுனியில் அரிவாள் இருக்கிறதே என்று யார் யோசித்தது!

"கொடிக்கம்பு சார்."

"கழட்டுலே!"

கொடியைக் கழற்றினான். அரிவாள் இன்னும் நன்றாகத் தெரிந்தது. அதையும் அவசரமாகப் பிடுங்கி இடுப்பில் செருகினான்.

"ஆயுதத்தை ஒளிக்கியா? ரவுடிப் பயலுவ! உங்கள மாதிரி ஆளுகதான் மைதானத்துல கலவரம் பண்ணுதீக. பேரைச் சொல்லு."

செண்பகராஜுக்குத் துபாய் ஞாபகம் வந்தது. அடுத்த வாரம் பாஸ்போர்ட் விசாரணை. ஒரு கேஸ் விழுந்தால் துபாய் வேலை அம்போ. பந்து பார்க்க வந்தது ஒரு குற்றமா, சொல்லுங்கள்!

"மாரிராஜ்" என்று மச்சான் பேரைச் சொன்னான். போன் நம்பர் கேட்டதற்கு மச்சான் நம்பரையே கொடுத்தான். ஏட்டு அந்த நம்பரை அடித்தார்.

பக்கத்தில் கொட்டு மாட்டிக்கொண்டு நின்ற ஆளின் சட்டைப்பையில் மணி அடித்தது. மச்சானும் கூடவே நிற்கிறான் என்பது பாவிக்குப் பயத்தில் மறந்தே போயிருந்தது.

"அப்போ நீ யாருலே?" ஏட்டு மாரிராஜிடம் திரும்பினார்.

மாரிராஜ் மாப்பிள்ளையை ஒரு முறை முறைத்தான். "நான் செண்பகராஜ் சார். குளத்தூர், கீழத்தெரு. அரிவாளு என்னுதுதான். நல்லா எழுதிக்கிடுங்க."

"அடப்பாவி மச்சான், என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டியே!"

ஏட்டு இரண்டு பேரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். "அசையக் கூடாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் முத்துமாரியம்மாளைப் பார்த்து செண்பகராஜ் கும்பிட்டான்.

"அக்கா, கேஸ் மட்டும் வேண்டாம். நாங்க இப்பவே ஊருக்குப் போயிருதோம். இனிமே பந்து இருக்கிற பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டோம்."

"ஊருக்கா?" அந்தம்மா பதறிவிட்டார். "கேஸும் கிடையாது, கீஸும் கிடையாது. அரிவாளை மட்டும் எங்கிட்ட குடுத்துட்டு உள்ள வந்து உக்காருங்க அண்ணாச்சி."

செண்பகராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா! துபாய் தப்பித்தது. மச்சானைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"பின்ன எதுக்குக்கா எங்களைப் பிடிச்சு வச்சீக?"

"ஊர்ச்சனம் பூரா ஹாக்கி பாக்கப் போயிருச்சு. உள்ள நாங்க நாப்பது போலீசு, கூட்டம்னு வந்தது நீங்க ரெண்டே பேரு. நீங்களும் போயிட்டா இங்க பந்தோபஸ்து எதுக்குன்னு எங்களை வெயில்ல பைபாஸ்ல நிப்பாட்டிருவாக, அண்ணாச்சி!"