திரும்புங்க அண்ணாச்சியின் நாற்பது முதுகுகள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வரைக்கும் எல்லார் முகத்தையும் மறந்துவிட்டு, எல்லார் முதுகையும் ஞாபகம் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் திரும்புங்க அண்ணாச்சிதான். எதிரே போய் வணக்கம் வைத்தால், "யாரு தம்பி?" என்பார். நாம் நொந்துபோய் நாலு எட்டு தாண்டியதும் பின்னாலிருந்து, "அட, நம்ம ஜெராக்ஸ் கடைத் தம்பில்ல!" என்று கூப்பிடுவார்.

அந்த ஜெராக்ஸ் கடைத் தம்பி நான்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் என் கடையும் அவருடைய போட்டோ ஸ்டூடியோவும் ஒட்டிக்கொண்டு இருந்தன. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்.

பாஸ்போர்ட் போட்டோவுக்குப் போனால் முகத்தை அரை நிமிஷத்தில் எடுத்து முடித்துவிடுவார். அதற்குப் பிறகுதான் அவருக்கு உயிரே வரும். "அப்பிடியே கொஞ்சம் திரும்புங்க. முதுக ஒண்ணு எடுத்துக்கிறட்டுமா?" சரி என்றால் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எடுப்பார். எதற்கு என்று கேட்டால், "மூஞ்சி பொய் சொல்லும் தம்பி. கேமராவக் கண்டதும் எல்லாரும் கலெக்டரா மாறிருறாக. முதுகுக்கு நடிக்கத் தெரியாது" என்பார்.

இதை யார் நம்புவார்கள்? எங்கள் பக்கம் ஒருவன் காரணமில்லாமல் குனிந்தாலே, கீழே என்ன கிடக்கிறது என்று பார்க்க நாலு பேர் வந்துவிடுவார்கள். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வருகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, கேமராவோடு திரிகிறவன் எல்லாம் எங்களுக்கு நிலப் புரோக்கர்தான். ஆனால் நிலத்தை விட்டுவிட்டு முதுகை எடுக்கிறாரே? அது அதைவிடப் பெரிய சந்தேகமாகிவிட்டது. பரளச்சியிலிருந்து வந்த இருவர் என் கடை வாசலிலேயே அதற்கு முடிவு கட்டினார்கள்.

"ஏலே, கிட்னி எங்கனலே இருக்கு?"

"முதுகுப் பக்கந்தான்."

"அப்புறம் என்னலே, வெளங்கிருச்சு!"

பக்கத்தில் நின்றவர் விடவில்லை. "மூஞ்சிய வச்சு லோனு எடுத்தா ஆளப் பிடிச்சிரலாம். முதுக வச்சு எடுத்தா போலீஸு எங்கன போய்த் தேடும்?" என்றார். பொய் சொல்வானேன், எனக்கும் சந்தேகம்தான். ஒரு நாள் அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில், ஸ்டூடியோவுக்குள் ஐஸ் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று தடுப்பு வழியாக எட்டிப் பார்த்தேன். சோற்றுப் பாத்திரமும் ஒரு குடையும்தான் இருந்தன. குடை எதற்கு என்று மறுபடி சந்தேகம் வந்தது. எங்கள் ஊரில் மழை பெய்து நாளாகியிருந்தது.

ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லாமல் மண்டபங்கள் காற்று வாங்கின. அண்ணாச்சிக்கும் வேலை இல்லை. ஒரு மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலைப் பிடித்து, நாற்பது முதுகுகளைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாகப் போட்டு மாட்டப்போவதாக அறிவித்துவிட்டார்.

எங்கள் இரண்டு கடைகளுக்கும் கட்டடச் சொந்தக்காரர் பருப்பு முதலாளி. மொத்த வியாபாரம். "பொம்பளையாளுக முதுகெல்லாம் செவத்துல தொங்கப் போகுதாம்ல!" என்று கொதித்தார். நேரடியாகக் காலி பண்ணச் சொன்னால் ஊர் பேசும் என்பதால், தெருக்காரர்கள் சார்பில் தன் பேருக்கே ஒரு மனு தயார் பண்ணச் சொன்னார். தனக்குத்தானே மனுப் போட்டுக்கொண்ட மனிதரை அன்றுதான் பார்த்தேன். கண்காட்சி திறந்தால் மறுநாளே ஸ்டூடியோவைக் காலி செய்ய வேண்டும். இதுதான் மனுவின் சாரம். அண்ணாச்சிக்கு அந்த ஸ்டூடியோவைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. அந்த மனுவை டைப் அடித்தவன் நான். என் கடையும் முதலாளி கட்டடத்தில்தானே இருக்கிறது?

நகலை அண்ணாச்சியிடம் கொடுத்தபோது படிக்க அவர் மூக்குக் கண்ணாடியைக்கூட மாட்டவில்லை. "நல்லா அடிச்சிருக்கீக தம்பி. மார்ஜின் நேரா இருக்கு" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ஹாலைத் திறந்துவிட்டார்.

திட்டுவதற்கென்றே ஊர் திரண்டு வந்தது. வந்த பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. தன் முதுகு எது என்று எவனுக்கும் தெரியவில்லை. பாலவனத்தத்திலிருந்து வந்த விவசாயச் சம்சாரி ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு, "எங்க வம்சத்துல எவனும் முதுகு காட்டுனதில்ல. என் படத்தக் கழட்டுய்யா!" என்று குதித்தார்.

"எது ஒங்க படம்?" என்றார் அண்ணாச்சி.

அவர் நாற்பதையும் ரெண்டு சுற்று சுற்றி வந்தார். கடைசியில், இருப்பதிலேயே அகலமான முதுகின் மேல் தன் துண்டைப் போட்டு மூடிவிட்டுப் போனார். அது அவருடையது இல்லை.

பிறகு பருப்பு முதலாளி வந்தார். அவர் முன்னால், மூன்றடி பின்னால் அவருடைய வீட்டம்மா. ஜன்னலோரப் படத்தின் முன் வந்ததும் முதலாளி நின்றுவிட்டார். நிமிர்ந்த முதுகு, நேர்த்தியான கொண்டை, இழுத்துச் செருகிய முந்தானை.

"எம் பொண்டாட்டி முதுக எடுக்க ஒனக்கு எம்புட்டு நெஞ்சழுத்தம்யா!"

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "சார்... அது நான்." பேங்க் மேனேஜரம்மா!

ஊரே சிரித்தது. வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. எதிர்ச்சுவருக்குப் போய் வேறொரு படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் குனிந்து சாக்குத் தைக்கும் முதுகு. நனைந்த ஜாக்கெட். ஒரு பக்கம் இறங்கிப்போன தோள்.

"நான் இந்தா இருக்கேன். அண்ணாச்சி கேட்டாக. எடுங்கன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

"எனக்குத் தெரியலையே..."

"எப்பிடித் தெரியும்? கல்யாணமான நாள்லேருந்து நீங்க முன்னால போறீக, நான் பின்னால வாரேன். எம் முதுக நீங்க எப்பப் பாத்தீக?"

முதலாளி அந்தப் படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "இந்தத் தோளு எப்ப எறங்குச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எட்டு வருசமாச்சு."

முதலாளி சட்டைப் பையிலிருந்த மனுவை எடுத்து என் கையில் திணித்தார். "இந்த மனுவ நான் தள்ளுபடி பண்றேன்" என்றார். ஹாலை விட்டுப் போகும்போது வீட்டம்மா முன்னால் போனார். முதலாளி மூன்றடி பின்னால் போனார்.

நானும் நழுவப் பார்த்தேன். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்பதாவது படம் மாட்டியிருந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னால் கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கும் ஒரு முதுகு. கட்டம் போட்ட சட்டை என்னுடையது. திரையில் அந்த மனு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று, நான் அடிக்க அடிக்க எல்லாவற்றையும் படித்திருக்கிறார்.

"ஒங்கள மட்டுந்தான் கேக்காம எடுத்துட்டேன் தம்பி. கேட்டா திரும்பிருப்பீக" என்றார் பின்னாலிருந்து.

"எம்மேல கோவமில்லையா அண்ணாச்சி?"

"எதுக்குக் கோவம்? அந்த முதுகப் பாருங்க. மனசே இல்லாமத்தான அடிச்சிருக்கீக?"

போன வருஷம் அண்ணாச்சி கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். நாற்பதாவது படம் என் கடைச் சுவரில் இருக்கிறது. வேலை பார்க்கும்போது எனக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால், இப்போதும் நான் சட்டென்று திரும்புவதில்லை. அண்ணாச்சியாக இருந்தால் படம் கெட்டுவிடும்.