பெட்டியைத் தொடாதீங்க, சார்

தேவாலயத்தின் நிலவறையில் இருந்தது ஒரே ஒரு துடைப்பம். அதன் ஒரு முனையை வெர்லீனும் மறுமுனையை டெல்பர்ட்டும் பிடித்திருந்தார்கள்.

"விடு வெர்லீன். நான்தான் முதல்ல எடுத்தேன்."

"நேத்தும் நீதான பெருக்கின? இன்னைக்கு என் முறை."

"நீ பெருக்கி முடிச்சிட்டா அப்புறம் நான் என்ன செய்ய? சுவத்தப் பாத்துக்கிட்டு நிக்கவா?"

வெர்லீன் துடைப்பத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிடியை விடவில்லை.

இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொருள் கொடுக்கும் இடம் அது. கென்டக்கி மலைப்பக்கத்துச் சின்ன ஊர். ஒரு காலத்தில் இங்கே தொண்டு செய்ய ஆள் பிடிப்பதற்குள் பொறுப்பாளர் சிஸ்டர் ஓபலுக்குத் தொண்டை வற்றிவிடும். பிறகு வாஷிங்டனில் ஒரு சட்டம் போட்டார்கள். யார் யாருக்கோ வரி குறைந்ததாம். வெர்லீனுக்குத் தெரிந்த யாருக்கும் குறையவில்லை. அதே சட்டத்தின் வாலில் இன்னொன்று இருந்தது. அரசு மருத்துவக் காப்பீடு வேண்டுமென்றால் மாதம் எண்பது மணி நேரம் வேலையோ தொண்டோ செய்ததாகக் காட்ட வேண்டும்.

சுரங்கம் மூடிய ஊரில் வேலைக்கு எங்கே போவது? வெர்லீன் பரிமாறும் சாப்பாட்டுக் கடையிலோ அவளுக்குச் சனி, ஞாயிறு மட்டும்தான் வேலை. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு என்றார்கள். நோயாளி என்று டாக்டர் எழுதித்தர வேண்டும். டாக்டரைப் பார்க்கக் காப்பீடு வேண்டும். அந்தச் செக்குமாட்டுச் சுற்றில் போய் மாட்டிக்கொள்ள அவள் தயாராக இல்லை. சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய் அவளுக்கு. இன்சுலின் நின்றால் அவளும் நின்றுவிடுவாள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு உயிர்ப்பயம் உண்டு.

எனவே ஊரில் பாதிப் பேர் நிலவறையில் இறங்கிவிட்டார்கள். வெர்லீனுக்குக் கிடைத்தது வாசல் காவல். தொண்டு செய்ய இன்னும் யாராவது வந்தால் "இடம் நிரம்பிடுச்சு" என்று திருப்பி அனுப்ப வேண்டும். சொந்தச் சித்தப்பா மகளையே அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

சோதனையாக, மத்திய அரசிலிருந்து வரும் உணவு லாரியும் நிதி வெட்டில் நின்றுபோய்விட்டது. அலமாரி காலி. "பொருள் இல்லை" என்று வாசலில் அட்டை தொங்கியதால் வாங்க வருபவர்களும் இல்லை. ஒரு துடைப்பத்தைச் சுற்றி அத்தனை பேரும் நின்றார்கள்.

துடைப்பச் சண்டைக்கு நடுவில் சிஸ்டர் ஓபல் படியிறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஃபோன்ல ஒருத்தர் பேசி வச்சிருக்காரு. 'மாநில ஆபீஸ் ஹாஸ்கின்ஸ் பேசறேன், வெள்ளிக்கிழமை காலையில அங்க வரேன்'னு. அவ்வளவுதான்."

"எதுக்காம்?" என்றான் டெல்பர்ட்.

"எதுக்கு வருவாரு? இங்க நிஜமா வேலை நடக்குதான்னு பாக்கத்தான். நடக்கலேன்னு எழுதிட்டாருன்னா, நான் கையெழுத்துப் போட்ட மணிக்கணக்கெல்லாம் தண்ணியிலதான்."

ஹாஸ்கின்ஸை வெர்லீனுக்குத் தெரியும். குளிர்காலத்தில் காப்பீட்டு ஆபீஸின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, "வாரத்துல மிச்ச நாளெல்லாம் என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டவர். அந்தக் குரலை அவள் இன்னும் மறக்கவில்லை.

"அலமாரிய நிரப்பணும். வீட்ல இருக்கறத எடுத்துட்டு வாங்க எல்லாரும்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அலமாரி நிரம்பியது. குளிர்காலத்துக்கென்று கண்ணாடி ஜாடிகளில் வேகவைத்து அடைத்திருந்த பீன்ஸ் முழுவதையும் வெர்லீன் கொண்டு வந்துவிட்டாள். டெல்பர்ட் டப்பாவில் அடைத்த பீச் பழங்களைக் கொண்டு வந்தான். அவை காலாவதியாகிப் பல காலம் ஆகியிருந்தது. அதை யாரும் அவனிடம் கேட்கவில்லை.

"பொருள் இருக்கு, சரி. வாங்க ஆள் எங்க?" என்றாள் ஓபல்.

இதற்கும் வெர்லீனிடம் யோசனை இருந்தது. அட்டையைக் கழற்றிவிட்டுப் பாதிப் பேரை வெளியே வரிசையில் நிற்கவைத்தாள். நிற்பவர்கள் முணுமுணுத்தார்கள். வரிசையில் நிற்பது தொண்டுக் கணக்கில் சேருமா? சேராது. சரி, மாறி மாறி நிற்கலாம் என்று முடிவானது. வாங்கியவர் பின்கதவு வழியாக வந்து பொருளை அலமாரியில் வைத்துவிட்டு, கோட்டை மாற்றிக்கொண்டு வேலையில் சேர்ந்துகொள்வார்.

ஏற்பாடு சிறிது நேரம் ஒழுங்காக ஓடியது. சாலையில் போனவர்கள் வரிசையைப் பார்த்தார்கள். தேவாலயத்தில் மறுபடியும் சாப்பாடு கொடுக்கிறார்களாம் என்று ஊரெல்லாம் பரவியது. ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் வந்து நின்றன. வந்தவர்கள் நிஜமாகவே பசித்தவர்கள், அவர்கள் வாங்கிய பொருள் பின்கதவு வழியாகத் திரும்பி வரவில்லை.

"வெர்லீன், உன் பீன்ஸ் போகுதுடி" என்றான் டெல்பர்ட்.

"தெரியுது. பேசாம கொடு."

இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் இரண்டுமாக வந்த பெண்ணுக்கு வெர்லீனே ஜாடிகளை எடுத்துக் கொடுத்தாள். 'இவள் வராமல் இருந்திருக்கலாம்' என்று ஒரு நொடி நினைத்துவிட்டாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டு இன்னொரு ஜாடியும் கொடுத்தாள்.

அப்போதுதான் ஹாஸ்கின்ஸ் படியிறங்கினார். ஒல்லி உடம்பு, கழுத்தில் டை, கையில் ஒரு கோப்பு.

"இங்க பொறுப்பு யாரு? நான்..."

"தெரியும் சார், உக்காருங்க. காப்பி குடிங்க" என்று வெர்லீன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஓபல் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஹாஸ்கின்ஸ் காப்பியைத் தொடவில்லை. எழுந்து போய், பொருள் வாங்க வந்த ஒரு கிழவரின் முன்னாலிருந்த உணவுப் பெட்டியைத் தூக்கினார். வெர்லீன் பாய்ந்து பிடுங்கினாள்.

"பெட்டியைத் தொடாதீங்க, சார். அது எங்க வேலை."

டெல்பர்ட் அவள் காதோரம் வந்தான். "உள்ள பொருள் இருக்கான்னு கனம் பாக்குறாரு."

"தெரியுது."

அடுத்து அவர் துடைப்பத்தை எடுத்தார். "குப்பை கெடக்கான்னு பாக்குறாரு" என்றான் டெல்பர்ட். வெர்லீன் அதையும் வாங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். பிறகு அவர் அலமாரிப் பக்கம் போய், தேதி பார்த்து டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார். டெல்பர்ட் வெர்லீனின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"என் பீச்சு."

வெர்லீன் ஓடிப்போய் அவர் கையிலிருந்த டப்பாவைப் பறித்தாள்.

"நான் ஏதாவது..." என்றார் ஹாஸ்கின்ஸ்.

"நீங்க எதுவுமே செய்யக்கூடாது சார். சும்மா உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். எதையும் எழுதிக்கொள்ளவும் இல்லை. எழுதியிருந்தாலாவது பரவாயில்லை. பேசாமல் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தாங்கவில்லை.

மதியத்துக்குள் அலமாரி துடைத்து வைத்ததுபோல் ஆனது. கடைசி வண்டியும் கிளம்பிப் போனது. ஹாஸ்கின்ஸ் கோப்போடு எழுந்து அவளை நோக்கி நடந்து வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் வெர்லீன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"சார், முதல்ல நின்ன ஆளுங்க எங்க ஆளுங்கதான். நான்தான் நிக்கவச்சேன். ஓபல் மேல தப்பில்ல. ஆனா அப்புறம் வந்தவங்க நிஜம். பீன்ஸும் நிஜம், என் வீட்ல இனிமே ஒரு ஜாடி கூட இல்ல. என்னை என்ன வேணாலும் சொல்லுங்க, என் மணிய மட்டும் வெட்டிடாதீங்க. இன்சுலின் இல்லாம நான் இருக்கமாட்டேன் சார்."

ஹாஸ்கின்ஸ் டையைத் தளர்த்தினார். அவர் கண் அவள் முதுகுக்குப் பின்னால் தெரிந்த துடைப்பத்தின் மேல் இருந்தது.

"செலவு குறைக்கிறோம்னு போன வாரம் எங்க ஆபீஸையே மூடிட்டாங்கம்மா, நானும் தொண்டு மணி சேக்கத்தான் வந்தேன், காலையிலேருந்து எதைத் தொட்டாலும் பிடுங்கிக்கிட்டே இருக்கீங்களே."