திங்கட்கிழமை நகப் பரிசோதனை

நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த மகத்தான காரியம், எங்கள் அலுவலகத்தில் ‘வாய்ப் பழக்க ஒழிப்புக் குழு’ அமைத்ததுதான்.

எங்கள் வாய்களைக் கவனித்த பெருமை மேலாளரையே சேரும். காசாளர் பேனா மூடியை மெல்வார். நான் உதட்டுத் தோலை உரிப்பேன். புகார்ப் பிரிவில் தற்காலிகமாக இருந்த பெண் நகம் கடிப்பாள். அதனால் அவள் எங்களுக்கு ‘அணில்’. அந்த வருடக் கடைசியில் அவள் வேலை நிரந்தரமாக வேண்டும். நகம் வளர்ந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு என்று குழு தீர்மானித்தது. நகத்துக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள உறவை இத்தனை நுட்பமாக உணர்ந்தவர்கள் உலகில் அபூர்வம்.

ஒரு ‘நிபுணர்’ வந்தார். பதற்றம் வந்தால் கடித்துக்கொள்ள, ஆளுக்கொரு ரப்பர் வளையம் கொடுத்தார்.

“பல்லு முளைக்கிற குழந்தைக்குக் குடுக்கிறதுதானே சார் இது?” என்றார் காசாளர்.

“இல்லைங்க. இது பெரியவங்க மாடல்.”

“என்ன வித்தியாசம்?”

“இது கறுப்பு.”

திங்கட்கிழமைதோறும் மேசைமேல் கைகளை விரித்து வரிசையாக நிற்போம். மேலாளர் குனிந்து பார்ப்பார்.

“என்னம்மா இது? நகமா, எலி தின்ன மிச்சமா? இன்னும் ஏன் கடிக்கிறே?”

“கொஞ்சம் மெதுவாப் பேசினீங்கன்னா…” என்றாள் அணில்.

“மெதுவாத்தானே பேசுறேன்!”

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அணிலின் விரல் தானாக வாய்க்குப் போயிற்று.

“பாத்தீங்களா? என் கண்ணு முன்னாலயே கடிக்கிறா! எவ்வளவு திமிரு!”

பிறகு மேலாளர் நீண்ட விடுப்பில் போனார். என் உதடு ஆறியது. பேனா மூடிகளின் ஆயுள் நீண்டது. அணில் தலை நிமிர்ந்து, ஜனங்களின் புகார்களைச் சிரித்த முகத்தோடு கேட்டாள்.

மேலாளர் திரும்பிய நாளில் இறுதிக் கூட்டம். அணில் பத்து விரலையும் நீட்டினாள். பத்திலும் நகம்!

“வளையத்தோட வெற்றி!” என்று நிபுணர் துள்ளினார்.

“வளையத்தை நான் தொடவே இல்லைங்க சார்.”

“அப்புறம் எப்படிம்மா வளந்துச்சு?”

அணில் மேலாளரைப் பார்த்தாள். வேலை இன்னும் அவர் கையெழுத்தில்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

“சார் ஊர்ல இல்லைங்களே.”



குழுவின் விஞ்ஞான நோக்கை மெச்சத்தான் வேண்டும். நோயின் காரணத்தைக் கூட்டத்திலிருந்த அத்தனை பேரும் அந்த நொடியிலேயே ஒருமனதாகப் புரிந்துகொண்டார்கள். உடனே நடவடிக்கையும் எடுத்தார்கள். அன்று மாலையே நோயாளியை வேலையைவிட்டு அனுப்பினார்கள். மறுவாரம் காரணத்துக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.