மைத்துனருக்கு, கண்ணிவெடிக் கம்பு விஷயமாக

மணவாளக்குறிச்சி,
கொல்லம் ஆண்டு 1127, ஆவணி 14.

மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடை நடத்தி, நாலு பேர் மதிக்க வாழ்ந்துவரும் மைத்துனர் முத்துநாயகத்துக்கு அத்தான் பொன்னுலிங்கம் எழுதிக்கொண்டது.

இவ்விடம் நான் க்ஷேமம். மற்றவர்களும் க்ஷேமம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இவ்விடத்தில் மற்றவர்கள் என்று சொல்லத்தக்க ஒரே ஆளான உமது அக்காள் சண்முகவடிவு ஆடிக் கடைசியிலிருந்து உமது வீட்டில் இருப்பதால், அந்தத் தகவலை நீர்தான் எனக்கு எழுத வேண்டும். நான் என் கையாலேயே கஞ்சி வைத்துக் குடிக்கிறேன். அதைப் பற்றி விரிவாக எழுதினால் இரக்கம் சம்பாதிக்கப் பார்ப்பதாக அவள் சொல்லுவாள். ஆகவே அது தினமும் அடிப்பிடிக்கிறது என்பதோடு நிறுத்துகிறேன்.

அவள் திரும்பி வர வேண்டுமானால் கம்பு வீட்டைவிட்டுப் போக வேண்டும், துருப்பிடித்த சாமான்கள் போக வேண்டும், காஞ்சிர மரத்து ஆணி இருந்த இடத்துக்கே போக வேண்டும் என்று உமது கடிதத்தில் கண்டேன். எல்லாம் நடந்துவிட்டன. எப்படி நடந்தன என்பதை அவளுக்கு வாசித்துக் காட்டி, வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கம்பு வந்த கதையை அவள் சொல்லியிருப்பாள். அதில் என் பக்கம் இருந்திருக்காது. திருவனந்தபுரத்தில் பட்டாளத்தார் யுத்தத்தில் மிஞ்சிய சாமான்களை ஏலம் போடுவதாகக் கேள்விப்பட்டு, மடக்குக் கட்டில் ஒன்று எடுக்கத்தான் போனேன். கட்டில் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்து வந்தது இது: நீளமாக ஒரு கம்பு, நுனியில் தோசைக்கல் அளவில் ஒரு தட்டு, முதுகில் மாட்டிக்கொள்ள ஒரு பெட்டி, காதில் வைத்துக்கொள்ள இரண்டு கிண்ணம். கண்ணிவெடி தேடுகிற யந்திரம் என்றார்கள். கல்குளம் தாலுகாவில் யாரும் கண்ணிவெடி புதைத்ததாகத் தகவல் இல்லை. ஆனால் ராஜாக்கள் இருந்திருக்கிறார்கள். டச்சுக்காரர்கள் குளச்சலுக்கு வந்து அடிவாங்கிப் போயிருக்கிறார்கள். அவசரமாகப் போகிறவர்கள் எதையாவது விட்டுவிட்டுத்தானே போவார்கள்? சர்வே இலாகாவில் முப்பது வருஷம் பூமியின் மேல்புறத்தை அளந்தவன், பென்ஷன் காலத்தில் அடிப்புறத்தையும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைத்தது குற்றமா என்று அவளிடம் கேட்டுப் பாரும்.

முதலில் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். தட்டைத் தரையில் காட்டியதும் காதில் ஒரு ஊளை எழுந்தது. ஒரு முழம் தள்ளிக் காட்டினேன், அங்கேயும் ஊளை. டச்சுப் படை மொத்தமும் ஆயுதங்களோடு இங்கேதான் புதைந்திருக்கிறது என்று மகிழ்ந்து தோண்ட ஆரம்பித்தேன். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ததேயுஸ், சொந்தமாக வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறவர், வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் குந்தினார். கிண்ணத்தை வாங்கித் தம் காதில் வைத்துக் கேட்டார்.

“என்ன சாரே, இதுக்கு வயித்து வலியா? எறக்குனதுல இருந்து அழுதுட்டே கெடக்கு.”

“கீழே ஏதோ இருக்கிறது, ததேயுஸ்.”

“கீழ மண்ணு இருக்கு சாரே. நானும் பொறந்ததுல இருந்து பாக்கேன்.”

கரையெல்லாம் கிடக்கிற கருமணலில் இரும்பு கலந்திருப்பது நம் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம். யந்திரத்துக்கு அது வந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எனக்கு மத்தியானத்துக்கு மேல்தான் ஞாபகம் வந்தது.

ஆகையால் கடலைவிட்டு உள்ளே, தென்னை விளைகளுக்கு மாறினேன். அங்கே கம்பு ஒழுங்காக நடந்துகொண்டது. ஆனால் அதனிடம் பாரபட்சம் கிடையாது. தங்கத்துக்கு என்ன குரலோ அதே குரல்தான் தகரத்துக்கும். தங்கத்துக்கு என்ன குரல் என்பதை நான் இன்னும் கேட்டதில்லை, தகரத்தின் குரல் நன்றாகத் தெரியும். மாட்டு லாடம், லாட ஆணி, வண்டி ஆணி, குடைக்கம்பி, மூக்குப்பொடி டப்பா, பிடி போன அரிவாள், மண்ணெண்ணெய் டின் மூடி என்று வந்துகொண்டே இருந்தது. நம் முன்னோர்களின் பெருமையை மேடையில் பேசுகிறவர்கள் ஒருநாள் என்னோடு தோண்ட வர வேண்டும். இந்த ஊரில் முன்னோர்கள் முக்கியமாகச் செய்தது ஆணியைக் கீழே போட்டதுதான். “எடுத்த எடத்துலயே போட்டுட்டு வரப்பிடாதா” என்று உமது அக்காள் கேட்டாள். போட்டுவிட்டு வந்தால் மறுநாள் அதே ஆணி அதே இடத்திலிருந்து என்னைக் கூப்பிடும், நான் அதே குழியைத் தோண்டுவேன் என்று விளக்கினேன். கருங்கல் சந்தைக்குச் சாக்கில் கட்டிக்கொண்டும் போனேன். பழைய இரும்பு எடுக்கிற ஆள் சாக்குக்குள் பார்த்துவிட்டு, “இது இரும்பில்ல ஓய், இரும்போட சாம்பல்” என்று சாக்கின் வாயைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாக்கு எப்படியோ வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

துருவுக்குள் ராஜா முத்திரை ஏதாவது ஒளிந்திருக்கக்கூடும் என்று எல்லாவற்றையும் புளித்தண்ணீரில் ஊறப்போட்டேன். வருஷத்துக்கென்று உப்புப் போட்டு அவள் பானையில் அடைத்து வைத்திருந்த புளி அதில் தீர்ந்தது. துரு போன பிறகும் ஆணி ஆணியாகவே இருந்தது. அன்றைக்கு மீன்குழம்பு வெளுத்து வந்தது. “என்ன, புளியே இல்லை?” என்று நான்தான் கேட்டேன். வேறு யாராவது கேட்டிருக்கலாம்.

இந்த நிலைமையில்தான் காஞ்சிர மரம் வந்தது. ஊர் எல்லையில் நிற்கிறதே, அந்த எட்டி மரம்தான். அதன் அருகே போனபோது கம்பு தரையைப் பார்த்துக் கத்தாமல் மரத்தைப் பார்த்துக் கத்தியது. இது புதுமையாக இருந்ததால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். ஒரு ஆணியின் தலை தெரிந்தது. குறட்டால் பிடுங்கி, ஆணிதானே என்று சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அது எந்தக் காலத்திலோ ஒரு மந்திரவாதி ஒரு யட்சியைத் தறைத்து நிறுத்திய ஆணி என்பது மறுநாள் அடுத்த வீட்டுக் கிருஷ்ணமணி சொல்லித்தான் தெரியும். அவருடைய மாடு அன்று காலை பால் தராமல் அவரை உதைத்திருந்தது.

“நீரு ஆணியைப் பிடுங்கினீரு. அவ எறங்கி நேரா எனக்கத் தொழுவத்துக்கு வந்திருக்கா” என்றார்.

“அவ்வளவு காலம் மரத்திலே நின்றவள் முதலில் மாட்டைத்தானா பார்ப்பாள்?”

“பின்னே உம்மையா பாப்பா?”

விஷயம் கிணற்றடிக்குப் போயிற்று. தண்ணீர் எடுக்கப் போன உமது அக்காளிடம், “ஏட்டி, ஒனக்க மாப்பிள்ளெ இன்னும் எதையெல்லாம் அவுத்து விடப்போறாரு” என்று கேட்டிருக்கிறார்கள். அவள் குடத்தோடு வந்து என் முன்னால் நின்று, “ஒண்ணு இந்தக் கம்பு இங்க இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும். நான் போறதுதான் உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டாளாம். இதுவும் கிருஷ்ணமணி சொன்னதுதான். அந்தச் சமயம் என் காதில் கிண்ணங்கள் இருந்தன. அவள் வாய் அசைந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய் அசைந்தால் நான் தலையை ஆட்டுவது வழக்கம். ஆட்டினேன். அவள் பஸ் ஏறிவிட்டாள். இதைத் தயவுசெய்து அவளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டும்.

இனி நல்ல செய்தி. சென்ற ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் ஊர் கூடியது. கருங்கல்லிலிருந்து ஒரு மந்திரவாதியை அழைத்து வந்திருந்தார்கள். பிடுங்கிய அதே ஆணியை அதே மரத்தில் அடித்தால் போதும் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். நான் சாக்கைக் கொட்டினேன். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஆணி மட்டுமே ஒரு குவியல் இருந்தது. புளியில் ஊறியதால் எல்லாம் ஒரே முகம். அந்த ஆணியை முன்னே பின்னே பார்த்தவர்கள் ஊரில் ஒருவரும் கிடையாது என்றாலும், அது எப்படி இருக்கும் என்று ஆளுக்கொரு சாட்சியம் சொன்னார்கள். ஒருவர் தலை பரந்திருக்கும் என்றார், இன்னொருவர் அதற்குத் தலையே கிடையாது என்றார். இரண்டு பேரும் சட்டையைப் பிடிக்கும் நிலைமை வந்தபோது கிருஷ்ணமணி எழுந்தார்.

“எதுக்கு மக்கா சண்டெ? மொத்தத்தையும் அடிச்சுப் போடுவோம். இதுக்குள்ள அதுவும் கெடக்கும் இல்லியா.”

மந்திரவாதி சிறிது யோசித்துவிட்டு, சாஸ்திரத்தில் அதற்குத் தடை இல்லை என்றார். அடித்தார்கள். ஆணி தீர்ந்ததும் லாடங்களையும் குடைக்கம்பிகளையும் என்ன செய்வது என்று நான் பணிவாகக் கேட்டேன். “அதும் இருக்கட்டு, ஒரு காவலுக்கு” என்றார் மந்திரவாதி. மூக்குப்பொடி டப்பாவைக்கூட விடவில்லை. கருங்கல் சந்தை ஏற்க மறுத்த சாக்கு முழுவதையும் நம் ஊர் பக்தியோடு ஏற்றுக்கொண்டது. மரம் இப்போது முள்ளம்பன்றிபோல நிற்கிறது. கிருஷ்ணமணியின் மாடு அன்று மாலையே பால் கொடுத்தது. கன்றை அன்றைக்குத்தான் அவர் தள்ளிக் கட்டியிருந்தார் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மீதி இருந்தது கம்பு. அதை மறுநாள் ததேயுஸிடம் கொடுத்துவிட்டேன். பெட்டியும் கிண்ணமும் அவருக்கு வேண்டாம். கம்பைத் தட்டிப் பார்த்து, “கம்பு கொள்ளாம் சாரே, வலை தொங்கப்போட ஆவும்” என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு ஒரு நெய்மீன் தந்தார். அதை நானே குழம்பு வைத்தேன். அதைப் பற்றியும் எழுதவில்லை.

ஆகவே வீடு இப்போது வெறும் வீடாக இருக்கிறது. எந்தப் பக்கம் நடந்தாலும் காலில் எதுவும் தட்டுவதில்லை. யாரும் ஏசுவதுமில்லை. அது நன்றாக இல்லை.

உமது கடையில் சரக்கு தங்காமல் போகட்டும், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், உமது சம்சாரம் பூங்கனியின் கைக்குக் குறைவில்லாமல் இருக்கட்டும், அக்காள் மட்டும் அங்கே தங்காமல் வந்து சேரட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

கம்பு இல்லாத அத்தான்,
பொன்னுலிங்கம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதை யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் உமது அக்காள் வந்து நின்றாள். தோளில் கம்பு, முதுகில் பெட்டி, கழுத்தில் கிண்ணம். கம்பு முழுவதும் மீன் செதில். பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடற்கரைக்குப் போயிருக்கிறாள். ததேயுஸ் எப்படிக் கொடுத்தார் என்று கேட்டேன். “கேட்டேன், குடுத்தாரு” என்றாள். சாப்பாட்டு நேரத்தில் பூங்கனி, “மயினி, அண்ணனுக்குக் கிறுக்கு முத்திட்டா” என்று கேட்டாளாம், நீரும் சிரித்தீராம். “உங்களெ நான் என்ன வேணும்னாலும் சொல்லுவேன். அவளுக்கென்ன? இந்தக் கம்பாலயே பொன்னு எடுத்துக் காட்டுகேன்னு சொல்லிட்டாக்கும் வந்திருக்கேன்” என்கிறாள். பலமான யட்சிகளைப் பொன் ஆணியால்தான் தறைப்பார்கள் என்று பஸ்ஸில் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அந்த ஆணியைப் பிடுங்கிய நான் உரசிக்கூடப் பார்க்காமல் ஊரார் கையில் கொடுத்துவிட்டேன் என்பதுதான் இப்போது என்மேல் உள்ள குற்றச்சாட்டு. குறட்டோடு வாசலில் நிற்கிறாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன், மரத்தில் உள்ளதெல்லாம் ஒவ்வொன்றாக வர வேண்டும். பொன்னாக இருந்தால் உமக்குத் தந்தியே கொடுக்கச் சொல்கிறாள். இரும்பாக இருந்தால் உமக்கு எழுதக்கூடாது என்று இப்போதே உத்தரவாகிவிட்டது.