டேங்க் வாத்தியாரின் இடுப்பளவு

கடலைப் பார்க்க மயிலாப்பூரில் எத்தனையோ பேர் தினமும் நடந்து போகிறார்கள். கடலையே மாடிக்கு ஏற்றிக் கூடத்தில் வைத்துக்கொண்டு, எங்கேயும் போகாமல் அதன் எதிரே உட்கார்ந்துவிட்ட மனிதர் இந்த ஊரிலேயே ஒருவர்தான். எங்கள் தெரு டேங்க் வாத்தியார்.

சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கும் சாந்தோம் கோயில் ஃபாதருக்கும் மட்டும்தான் தெரியும். கணக்கு டியூஷன் எடுப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழேதான் என் ஆல்டரேஷன் கடை. பெருத்தவர்களுக்குத் துணியை விடுவேன், இளைத்தவர்களுக்குப் பிடிப்பேன். அதிகம் பேச வேண்டியிராத தொழில். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நாளிலிருந்து நான் தேடியதும் அப்படி ஒன்றைத்தான்.

வாத்தியாரின் கண்ணாடி மீன்தொட்டி மூன்றடி நீளம். உள்ளே இரண்டு ஆரஞ்சு மீன், கொஞ்சம் பாறை, பாறை மேல் உயிருள்ள பவளம். “நம்ம கடல்ல இதைத் தொட்டா ஜெயிலு. இது வெளிநாட்டுப் பண்ணையில வளந்தது” என்று, யாரும் கேட்காமலேயே எல்லோரிடமும் சொல்வார். அதில் அவருடைய செல்லம், பாய் விரித்த மாதிரி பச்சையாகப் படரும் ஒன்று. விளக்கு எரிந்தால் ஆயிரம் விரல்களை நீட்டி ஆடும். எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் கொண்டுவரும் செல்வியக்காதான் அதற்குக் கொத்தமல்லி என்று பெயர் வைத்தாள்.

“இன்னா வாத்தியாரே, இந்தக் கொத்தமல்லிய கொழம்புல போடலாமா?”

“போட்டா உன் கொழம்பு விஷம்.”

“அப்ப இன்னாத்துக்கு வளக்கற? அது கெடக்கட்டும், கடல் பத்து நிமிசத்துல கீது. உப்ப துட்டு குடுத்து வாங்கிக் கரைக்கிறியே, நல்லாவா கீது?”

“அந்தக் கடல்ல ஊர் சாக்கடையெல்லாம் கலக்குது செல்வி. என் கடல் சுத்தம்.”

“அத்த அந்த மீனு சொல்லிச்சா?”

வாத்தியார் அவளிடம் வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் வாங்குவார். ஆனால் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டிக்கு வாசனை கூட வராதபடி, குற்றவாளி மாதிரி சாப்பிடுவார்.

தொட்டிக்கு நேர் கீழே குடியிருந்தவர் வீட்டுக்கார மாமி. அவருக்கு ஒரே கவலை.

“ஏன் சார், அத்தனை தண்ணியும் ஒருநாள் என் தலையில எறங்கிடாதே?”

“எறங்காது மாமி. எடையெல்லாம் கணக்குப் போட்டுட்டேன்.”

“உங்க கணக்குன்னாதான் சார் நேக்கு பயமே. எதிராத்துப் பையன் உங்ககிட்டத்தான் படிச்சான்.”

சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் ஜன்னலில் நீல வெளிச்சம் பரவும். ஒருநாள் கன்னம் வீங்கிய ஒருவர் அதைப் பல் ஆஸ்பத்திரி என்று நினைத்து மாடியேறிவிட்டார். வாத்தியார் நாற்காலியைக் காட்டினார். அவரும் டாக்டர் வருவார் என்று அரைமணி நேரம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வலி கொஞ்சம் பரவாயில்லை” என்று இறங்கிப் போனார்.

புயலடித்த ஒரு பகல் முழுவதும் கரண்ட் இல்லை. மோட்டார் நின்றால் தண்ணீரில் காற்று கலக்காது, எல்லாம் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால் மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாத்தியார் நூறு, நான் நூறு என்று முறை வைத்து ஊற்றினோம். மத்தியானம் மாமி கையில் வெள்ளிச் செம்போடு வந்தார். “ஜீவனாச்சே” என்று அவரும் நூறு ஊற்றினார். மீன் குழம்பு வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்துகிற மாமி!

நடுநடுவே வாத்தியார் எல்லாவற்றையும் விட்டுவிடுவார். ஒருமுறை பாறையெல்லாம் பழுப்பாகப் பாசி பிடித்தது. சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்து, “இன்னியோட சரி” என்று எல்லாவற்றையும் பாலவாக்கத்தில் இருக்கும் சிநேகிதரிடம் கொடுத்துவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவரும் இதே பைத்தியம். காலித் தொட்டிக்குள் வாத்தியார் பழைய கேள்வித்தாள் அடுக்கினார். நாலு மாதம். அப்புறம் ஒருநாள் மணல் மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இன்னொருமுறை வாளி தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. அப்போது ஐந்து மாதம்.

“ஏன் சார் திரும்பத் திரும்ப?” என்று கேட்டேன். நான் யாரையாவது எதையாவது கேட்பது அபூர்வம்.

“வீட்டுக்குள்ள ஒரு சத்தம் வேணும்ப்பா” என்றார். மோட்டார் சத்தத்தைச் சொன்னார்.

எனக்கும் அந்தச் சத்தம் பழகியிருந்தது. கடையைப் பூட்டிவிட்டு மேலே போவேன். எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் உண்டு. மீன் தீனி தின்பதைப் பார்ப்போம். அரைமணி நேரத்தில் மொத்தம் நாலு வார்த்தை பேசுவோம். நான் ஒருநாளில் பேசுவதில் அது பாதி.

தொட்டியை விட்டு வெளியூர் போக முடியாது. சொந்தக்காரர் கல்யாணங்களுக்கெல்லாம் வடபழனி மண்டபம் வரைதான் வருவார், அதுவும் மாலை போட்டுவிட்டு ஓடிவருவார். ஆனால் நாகர்கோவிலில் அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தபோது அக்கா அழுதுவிட்டார். பத்து நாள். சாவியை என்னிடம் கொடுத்தார்.

“தண்ணி இந்தக் கோடு வரைக்கும் இருக்கணும். குறைஞ்சா ஊத்து. அங்க ரெண்டு கேன் வெச்சிருக்கேன்.”

ஒரு கேனில் உப்பு கரைத்த தண்ணீர், இன்னொன்றில் சாதாரணத் தண்ணீர். எதிலிருந்து ஊற்றுவது? கேட்டிருக்கலாம். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். எனக்கு வாய் வரவில்லை.

நானே யோசித்தேன். கடல் மீன். நல்ல தண்ணீர் ஊற்றினால் செத்துப்போகும். ஆகவே உப்புத் தண்ணீர்.

மே மாத வெயில். தினமும் ஒரு விரல் தண்ணீர் குறைந்தது. ஒரு நாள் கூடத் தவறாமல் ஊற்றினேன். கேன் தீர்ந்ததும் பாக்கெட்டைப் படித்து அளந்து நானே உப்பு கரைத்தேன். அவ்வளவு பொறுப்பு! ஏழாம் நாள் கொத்தமல்லி விரலை நீட்டவில்லை. வாத்தியாரைத் தேடுகிறது என்று நினைத்தேன்.

பத்தாம் நாள் அவர் பையோடு உள்ளே வந்தபோது பாறையெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துக் கிடந்தது. ஒரே ஒரு மீன் மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உப்பு எவ்வளவு என்று பார்க்கிற சின்னக் குழாய் ஒன்று வைத்திருப்பார். அதில் ஒரு சொட்டு விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

“கரண்ட்டு போச்சாப்பா?” என்றார்.

கரண்ட் ஒரு நிமிடம் கூடப் போகவில்லை.

“ஆமா சார்” என்றேன்.

மிச்சமிருந்த மீன் பாலவாக்கம் போனது. ஜன்னலில் நீல வெளிச்சம் நின்றது. இந்தமுறை நாலு மாதத்தில் மணல் மூட்டை வரவில்லை. ஒரு வருஷம் போயிற்று. நானும் மாடி ஏறவில்லை. எதைப் பார்க்க வந்தேன் என்று சொல்வது? செய்த தப்பு என்னவென்று எனக்குத் தெரியவில்லை, சொன்ன பொய் மட்டும் தெரியும். அவருக்காவது கோயிலில் ஃபாதரிடம் சொல்லிவிடப் பாவசங்கீர்த்தனம் உண்டு. எனக்குத் தையல் மிஷின்தான்.

அவர் இறங்கி வருவது பேண்ட்டோடு மட்டும்தான். “கொஞ்சம் பிடிச்சுடு” என்பார். முப்பத்தாறு இடுப்பு முப்பத்தைந்தானது. பிறகு முப்பத்துநாலு. அடுத்த வருஷம் முப்பத்துமூன்று. செல்வியக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னையே திட்டினாள்: “வாத்தியாரு வெள்ளிக்கெயம கூட மீனு வாங்கறதில்ல நைனா. கீழயே குந்திகினு கீறியே, மேல ஏறி இன்னான்னு கேக்க மாட்டியா?”

ஒருநாள் மறுபடி பேண்ட் வந்தது. முப்பத்திரண்டு. டேப்பை வைத்துப் பார்த்தேன். இதற்கு மேல் பிடித்தால் பின்பக்கத்துப் பாக்கெட் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். பேண்ட்டை மிஷின் மேலேயே போட்டுவிட்டு, கடையைப் பூட்டி, பாலவாக்கத்துக்குப் பஸ் ஏறினேன்.

மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் கால் மணி நேரம் நின்றேன். அவரே வெளியே வந்து, “கண்ணு டெஸ்ட்டா?” என்றார். அந்தப் பத்து நாளையும் ஒரே மூச்சில் கொட்டினேன். என் வாழ்நாளில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அடடா! வெயில்ல தண்ணிதாங்க ஆவியாப் போவும். உப்பு அங்கயேதான் இருக்கும். நல்ல தண்ணிதான் ஊத்தணும். நீங்க பத்து நாளா ஊறுகா போட்டிருக்கீங்க.”

பிறகு உள்ளே கூட்டிப்போனார். பவளம் வளர்ப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாம். நன்றாக வளரும்போதே ஒரு துண்டை வெட்டி இன்னொருவரிடம் கொடுத்து வைப்பது. இவரிடம் செத்துப்போனாலும் அவரிடம் இருக்கும். கடையின் பின்னறைத் தொட்டியில் வாத்தியாருடைய கொத்தமல்லி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் படர்ந்து, ஆயிரம் விரலும் நீட்டி ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் மாடி ஏறினேன். வாத்தியார் கேள்வித்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

“சார், கரண்ட்டு போவல. நான் உப்புத் தண்ணி ஊத்திட்டேன்.”

“தெரியும்ப்பா. அன்னிக்கே குழாய்ல பார்த்தேனே.”

“ஏன் சார் சொல்லல?”

“சொன்னா நீ மேல வரமாட்டன்னு நெனச்சேன்.” பேனாவை மூடினார். “சொல்லாமயே வரல.”

நான் தரையைப் பார்த்தேன். என்னுடைய ஸ்டூல் அதே இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் தூசி இல்லை.

“அதுக்கு ஏன் சார் தொட்டிய விட்டீங்க? முன்னெல்லாம் திரும்ப வெச்சீங்களே?”

“முன்னெல்லாம் பார்க்க ஆள் இருந்துதுப்பா.”

இரண்டு கையையும் தட்டு அகலத்துக்கு விரித்துக் காட்டினேன். “பாலவாக்கத்துல உங்க கொத்தமல்லி இந்தப் பெருசு இருக்கு சார்.”

அந்த வாரமே மணல் மூட்டை வந்தது. புதுத் தண்ணீரில் உடனே எதையும் விடக்கூடாதாம், ஒரு மாதம் ஓட வேண்டுமாம். நாங்கள் இருவரும் ஒரு மாதம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாமி ஒருநாள் வந்து எட்டிப் பார்த்து, “மீன் எங்கே சார்?” என்றார். “வரும் மாமி” என்றேன் நான். மாமி பயந்துபோனார், நான் பேசி அவர் கேட்டதில்லை.

கேன் இரண்டிலும் இப்போது வாத்தியார் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். கொத்தமல்லி வந்துவிட்டது. செல்வியக்காவின் கூடை வெள்ளிக்கிழமைகளில் மறுபடி எங்கள் படிக்கட்டில் இறங்குகிறது.

போன வாரம் வாத்தியார் பேண்ட்டோடு வந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்சம் விடணும்ப்பா. துணி இருக்குமா?” என்றார்.

பிடித்த துணியை வெட்டி எடுத்தால்தான் தையல் சரியாக உட்காரும். பிடித்த அந்த மூன்று அங்குலத்தில் ஒரு நூல் கூட நான் வெட்டவில்லை. எல்லாவற்றையும் உள்ளேயே மடித்து வைத்துத் தைத்திருந்தேன். இரண்டு வருஷமும் அது அவருக்கு முதுகில் உறுத்தியிருக்கும். அதையும் அவர் சொன்னதில்லை.