தாடை அண்ணனும் புல்வெட்டும் மெஷினும்

பழவேற்காட்டில் பிறந்த எவரும் தாடை அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் ஒரே நாளில் ஒரு பொருளை வாங்கி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஏரியில் மீன் கிடைக்காத வருஷம் உண்டு, மழை பொய்த்த வருஷம் உண்டு, தாடை அண்ணன் முதல் கடையிலேயே தலையாட்டிய வருஷம் மட்டும் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்களுக்கு அவர் தாடைதான். ஏரிக்கு நடுவிலுள்ள பசியாவரத்துக்காரர். முப்பது வருஷம் படகு ஓட்டிவிட்டு இப்போது படகு இன்ஜின் பழுது பார்க்கிறார். யார் புது இன்ஜின் வாங்கினாலும் அவரைத்தான் கூட்டிப்போவார்கள். அவர் இன்ஜினை ஓடவிட்டு, குனிந்து, அதன் கைப்பிடிமேல் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கோயிலில்கூட அவர் அவ்வளவு நேரம் கண் மூடி நின்று நான் பார்த்ததில்லை. ஐந்து நிமிஷம் கழித்து நிமிர்ந்து, வேணாம் என்பார். காரணம் கேட்டால் பல்லு சொல்லுது என்பார். அதற்குமேல் பல்லிடம்தான் கேட்க வேண்டும்.

இன்ஜினோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின் எதையும் விட்டுவைத்ததில்லை. தன் அண்ணன் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் பைக்கில் தாடையை வைத்துவிட்டு, வண்டியே இந்த ஆட்டம் ஆடினால் ஓட்டுகிறவன் எப்படி நிலையாக இருப்பான் என்று கேட்டவர். பையன் வீட்டார், முன்னால் வைத்த காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். அந்தப் பெண் ஒரு வருஷம் சித்தப்பாவோடு பேசவில்லை.

தெரிந்தே நான் இவரிடம் போய் மாட்டிக்கொண்டது செல்வி அக்காவுக்காக. அக்கா எங்கள் தெரு. காட்டுப்பள்ளி போகும் வழியில் ஒரு கம்பெனியின் குவார்ட்டர்ஸில் ஆறு வருஷமாகக் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தவர். அவரை வேலைக்கு வைத்திருந்த கான்ட்ராக்டர் திடீரென்று கழன்றுகொண்டார். அங்கிருந்த சூப்பர்வைசர் இரக்கப்பட்டு அக்காவிடம் ஒரு வழி சொன்னார். திங்கட்கிழமை காலையில் சொந்தமாகப் புல்வெட்டும் மெஷினோடு வந்து நிற்க வேண்டும். பத்து நாள் பார்ப்பார். புல்தரை ஒழுங்காக இருந்தால் ஒரு வருஷ வேலை அக்காவுக்கு. மெஷின் இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறார்.

அக்கா வீட்டுக்காரருக்கு ஏரியில் கிடைப்பது வீட்டுக்கே பற்றவில்லை. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். இந்த வேலை போனால் படிப்பும் போய்விடும் என்பது தெருவுக்கே தெரியும். இருந்த வசதிக்கு ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும், அதைத் தப்பாக வாங்கிவிட்டால் கதை முடிந்தது.

பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், அக்காவுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்த ஒரே குற்றத்துக்காக மெஷின் வாங்கும் பொறுப்பையும் தலையில் சுமந்தேன். மூன்று நாள் கடையைக்கூடச் சரியாகக் கவனிக்காமல் செல்போனில் வீடியோ பார்த்தேன். ஐம்பத்திரண்டு சிசி, இரண்டு பக்கமும் பைக் மாதிரி ஹேண்டில், பார்த்தாலே புல் தானாகப் படுத்துக்கொள்ளும் போல ஒரு சிவப்பு மெஷின். அதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். இன்ஜின் சமாச்சாரம் ஆயிற்றே, தாடை அண்ணனையும் கூட்டிக்கொள்வோம் என்று அக்கா சொன்னார். சனி எனக்கு அந்த வடிவத்தில் வந்தது.

வியாழக்கிழமை மூவரும் பொன்னேரியில் ஒரு பாய் கடைக்குப் போனோம். பாய் சிரித்த முகமாக என் சிவப்பு மெஷினை இறக்கி, கயிற்றை ஒரு இழு இழுத்து ஓடவிட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு ஒரே பெருமிதம். தாடை அண்ணன் குனிந்து ஹேண்டிலில் தாடையை வைத்தார். பாய் பதறிப்போய் மெஷினை அணைத்துவிட்டு, பெரியவருக்கு மயக்கமா என்று என்னிடம் கேட்டார். விஷயத்தை விளக்கி, மறுபடி ஓடவிட்டு, மறுபடி தாடை வைத்து, கடைசியில் வந்த தீர்ப்பு வேணாம்.

பேட்டரியில் ஓடுவதைக் காட்டினார்கள். சத்தமே இல்லை, உயிர் இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியவில்லை, நடுவில் சார்ஜ் தீர்ந்தால் துடுப்பா போடுவது என்று தாடை அண்ணன் கேட்டார். நாம் நிற்கப்போவது தரையில்தான் என்பதை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. தண்டு வளைந்த சின்ன மெஷினைக் காட்டினார்கள். குனிந்துகொண்டே வெட்டினால் இடுப்பு போய்விடும் என்றார்.

அப்புறம் மெஷினின் முனையில் சுற்றும் நைலான் நரம்பைக் கையில் எடுத்துப் பார்த்தவர், இதைப் போய்க் காசு கொடுத்து வாங்குவார்களா என்று கேட்டுவிட்டு, தன் துணிப்பையிலிருந்து தூண்டில் நரம்பை எடுத்தார். நம் ஊரில் இல்லாத நரம்பா என்று அவரே அதைச் சுற்றி மாட்டினார். ஒரு நிமிஷம் ஓடியது. அதற்குள் நரம்பு சூட்டில் உருகி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, உருளைக்குள் கட்டியாகிவிட்டது. பாய் கத்தியை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சுரண்டினார். அவர் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே தாடை அண்ணன் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். லோடு கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். படகு இன்ஜினைத் தண்ணீரில் வைத்துத்தானே பார்ப்போம் என்பது அவர் நியாயம். எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் புல் மெஷினை வாளிக்குள் விடத் தோன்றாது. விட்டார். வாளித் தண்ணீர் முழுவதும் பாயின் வெள்ளைச் சட்டைக்கு வந்து சேர்ந்தது. அதற்குமேல் எங்களை அங்கே யாரும் உபசரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை செங்குன்றம். அங்கிருந்த விற்பனைப் பையன் கெட்டிக்காரன். ஒரே மெஷினில் முனையை மாற்றினால் மரம் அறுக்கலாம், மண் கிளறலாம், ஏன், விசிறியை மாட்டினால் சின்னப் படகுகூட ஓட்டலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். அடுத்த இரண்டு மணி நேரம் தாடை அண்ணனுக்கு உலகத்தில் புல் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. விசிறிக்கு எத்தனை இலை, எந்தப் பக்கம் சுற்றும், உப்புத் தண்ணீர் தாங்குமா என்று கேட்டுத் துளைத்தார். கடைசியில் அந்த மெஷினுக்கும் தாடையை வைத்துவிட்டு வேணாம் என்றார். பஸ்ஸில் திரும்பும்போது நான் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. செல்வி அக்கா ஜன்னல் ஓரம், மெஷினுக்கு வைத்திருந்த பணத்தை மடியில் இறுக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை வேறு வழியில்லாமல் மறுபடி பாய் கடை. தூரத்தில் எங்களைப் பார்த்ததும் பாய் முதல் காரியமாக வாளியை உள்ளே எடுத்து வைத்தார். இன்று என்ன ஆனாலும் சிவப்பு மெஷினை வாங்கிவிடுவது என்று நான் முடிவோடு இருந்தேன். ஆச்சரியம், தாடை அண்ணன் மறுப்புச் சொல்லவில்லை. செல்வி அதை மாட்டிக்கொண்டு கடைக்குப் பின்னால் இருக்கிற காலிமனையில் அரை மணி நேரம் வெட்டட்டும் என்று மட்டும் சொன்னார். அக்கா பெல்ட்டை மாட்டிக்கொண்டு இறங்கினார். மனை முழுவதும் கோரை. மெஷின் அதைச் சும்மா வழித்துத் தள்ளியது. நான் பாயைப் பார்த்துச் சிரித்தேன், பாயும் சிரித்தார்.

அக்கா மெஷினை இறக்கி வைத்ததும் தாடை அண்ணன் துணிப்பையிலிருந்து ஒரு கிழிந்த வலைத்துண்டையும் வலை ஊசியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். "இத்த ஒரு கண்ணு போடு பாப்போம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெஷின் வாங்க வந்த இடத்தில் வலை பின்னச் சொல்கிற மனுஷனை என்ன செய்வது? அக்காவும் சிரித்துக்கொண்டேதான் ஊசியை வாங்கினார். எட்டு வயசிலிருந்து வலை பின்னுகிறவர், பேசிக்கொண்டே, டிவி பார்த்துக்கொண்டே முடிச்சுப் போடுகிறவர். ஊசி வலைக்கண்ணுக்குள் போகாமல் பக்கத்தில் போனது. மறுபடி முயன்றார். விரல்கள் தன்பாட்டுக்குத் துடித்தன. மூன்றாம் தடவை ஊசி கீழே விழுந்தது, அக்காவின் சிரிப்பும் நின்றுபோனது.

அதன் அர்த்தம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்று நாள் எரிச்சலும் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. "ஆட்டமா இருக்கா இல்லியான்னு கையால புடிச்சா தெரியாதாண்ணா? ஊரு பூரா சிரிக்கிற மாதிரி தாடய வெச்சு, ஊசியக் குடுத்து, இன்னாண்ணா இதெல்லாம்?"

அவர் கோபப்படவில்லை. "கையில தெரிஞ்சா நா ஏன்டா தாடய வெக்கிறேன்?" என்றார்.

பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். தாடை அண்ணன் இரண்டு கைகளையும் எங்கள் முன்னால் நீட்டினார். பார்ப்பதற்குச் சாதாரணக் கைகள்தான். "முப்பது வருசம் இன்ஜின் புடிச்ச கை. அந்த ஆட்டத்துல மொதல்ல மார்கழில வெரலு வெள்ளையா போவும். அப்பறம் மதமதன்னு இருக்கும். அதுக்கப்பறம் ஒண்ணியும் தெரியாது. நீ மெஷின வாங்கிக் குடுத்துட்டு கடையில போயி குந்திக்குவ. தெனம் ஆறு மணி நேரம் புடிக்கப் போறவ இவ."

இத்தனை வருஷம் அவரைக் கேலி செய்தவர்களில் முதல் வரிசையில் நான் இருந்தேன். பல்லைக் கேள், தாடையைக் கேள் என்று கடையில் உட்கார்ந்து எத்தனை பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பாய் உள்ளே போய், மூலையில் கிடந்த ஒரு பச்சை மெஷினை எடுத்து வந்தார். முப்பத்தைந்து சிசி. ஆட்டம் கைக்கு ஏறாமலிருக்க இன்ஜினுக்கும் தண்டுக்கும் நடுவில் ஸ்பிரிங் வைத்தது. வீடியோவில் பார்த்து, இதெல்லாம் வீட்டுத் தோட்டத்துக்குத்தான் லாயக்கு என்று நான் தள்ளிவிட்ட அதே மெஷின். அக்கா சாப்பிட்டு, கை ஓய்ந்தபிறகு அதை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் வெட்டினார். கோரையைச் சிவப்பு மெஷின் மாதிரி வாரிச் சுருட்டவில்லை, கொஞ்சம் நிதானமாகத்தான் வெட்டியது. இறக்கி வைத்துவிட்டு அவரே வலைத்துண்டைக் கேட்டு வாங்கினார். நான்கு முடிச்சு, மூச்சு விடுவதற்குள். தாடை அண்ணன் அப்போதும் விடவில்லை. தன் பங்குக்குத் தாடையை வைத்து, கண்ணை மூடி, முழுசாக ஐந்து நிமிஷம் எங்களைக் காக்கவைத்துவிட்டு, இது ஆவும் என்றார்.

திங்கட்கிழமை மெஷின் குவார்ட்டர்ஸ் புல்தரையில் இருந்தது. துணைக்குப் போயிருந்த ஆண்களில் யாராவது ஓட்டுவோம் என்று எதிர்பார்த்த சூப்பர்வைசர், அக்கா பெல்ட்டை மாட்டியதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். மூன்றாம் நாளிலிருந்து தயங்கவில்லை. பத்தாம் நாள் ஒரு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூடவே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பெரியவரை மட்டும் இனிமேல் உள்ளே அழைத்துவர வேண்டாம் என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டார். துணைக்கு வந்த அண்ணன் குவார்ட்டர்ஸ் ஜெனரேட்டரில் தாடையை வைத்து, பேரிங் போகப்போகிறது என்று அங்கிருந்த ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிச் சொல்லியிருக்கிறார்.

அக்கா மகள் இப்போது மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அக்கா புல் வெட்டிவிட்டு வந்து சாயங்காலம் வீட்டு வாசலில் வலையும் பின்னுகிறார். தாடை அண்ணன் திருந்தவில்லை. போன மாதம் என் கடைக்கு ஒரு ஃபேன் வாங்க நான்கு கடை ஏற வைத்தார், கடைசிக் கடையில் நான் அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டிவிட்டு இரண்டு பேரும் டீ குடிக்கப் போனோம். டீக்கடையில் அவருக்கு வரும் டம்ளரை இப்போதெல்லாம் முதலில் நான்தான் வாங்குகிறேன். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றிய பிறகுதான் அவரிடம் கொடுப்பேன்.